வேலிக்குள் அரசு: திருப்பூர் வட்டாரத்தில் தனியார் நிலமும் சோதனை அதிகாரமும்

அரசு அதிகாரிகள் ஒருவரது வீட்டிலோ தொழிற்கூடத்திலோ தோட்டத்திலோ நுழைந்து சோதனையிடுவதற்கு வரம்பு கட்டும் தனிப்பிரிவு எதுவும் இந்திய அரசமைப்பில் இல்லை. அமெரிக்க அரசமைப்பின் நான்காவது திருத்தம் 1791 முதல் அந்த வேலையைச் செய்கிறது. இந்தியாவில் அந்தப் பாதுகாப்பைப் பல இடங்களிலிருந்து திரட்டிக்கொள்ள வேண்டியிருக்கிறது. உயிர்வாழ்வுக்கும் தனிமனித சுதந்திரத்துக்கும் உரிய 21ஆம் பிரிவிலிருந்து நீதிமன்றங்கள் வருவித்த அந்தரங்க உரிமை ஒரு மூலம். சட்டத்தின் அதிகாரமின்றி எவரது சொத்தையும் பறிக்கக் கூடாது என்னும் 300ஏ பிரிவு இன்னொரு மூலம். இவற்றுக்கு அப்பால், நுழையும் அதிகாரத்தைத் தரும் ஒவ்வொரு சட்டமும் தனக்குள் வைத்திருக்கும் நிபந்தனைகள் உண்டு. நடைமுறையில் மக்களைக் காப்பதும் கைவிடுவதும் பெரும்பாலும் அந்த நிபந்தனைகள்தான். எனவே ஒருவரது இடத்துக்கு எவ்வளவு பாதுகாப்பு உண்டு என்பதை அந்த இடத்தின் தன்மை தீர்மானிப்பதில்லை. வாசலில் வந்து நிற்பவர் எந்தத் துறையைச் சேர்ந்தவர் என்பதே தீர்மானிக்கிறது.

2009இல் தனி மாவட்டமான திருப்பூர், இந்தக் கேள்வியின் எல்லா முகங்களையும் ஒருசேரப் பார்க்கத்தக்க வட்டாரம். நகரில் பனியன் கம்பெனிகளும் சாயப்பட்டறைகளும் சலவைப்பட்டறைகளும் உள்ளன. பல்லடம், சோமனூர் பக்கம் வீட்டோடு சேர்ந்த விசைத்தறிக் கூடங்கள். காங்கேயம், தாராபுரம் பக்கம் கிளுவை வேலி கட்டிய கொறங்காடு என்னும் மேய்ச்சல் நிலங்களும் தென்னந்தோப்புகளும், ஊரைவிட்டு விலகித் தனியே நிற்கும் தோட்டத்து வீடுகளும். வருமான வரி, ஜிஎஸ்டி, மாசுக் கட்டுப்பாடு, தொழிலகப் பாதுகாப்பு, மின்திருட்டுத் தடுப்பு, மதுவிலக்கு, எரிவாயுக் குழாய், உயர்மின் கோபுரம் என ஒவ்வொன்றும் வெவ்வேறு சட்டத்தோடு இந்த வேலிகளைக் கடக்கிறது.

அரசமைப்பு அவையில் விடுபட்ட பிரிவு

இந்தப் பாதுகாப்பு அரசமைப்பில் இடம்பெறாதது மறதியால் நேர்ந்ததல்ல. 1947இல் அடிப்படை உரிமைகளுக்கான துணைக்குழுவின் முன் கே.எம். முன்ஷியும் பி.ஆர். அம்பேத்கரும் அளித்த வரைவுகளில், வீட்டின் மீறப்படாமையும் நியாயமற்ற சோதனைக்கு எதிரான காப்பும் இருந்தன. சென்னை மாகாணத்தின் தலைமை வழக்கறிஞராக இருந்த அல்லாடி கிருஷ்ணசாமி ஐயரும் அரசமைப்பு ஆலோசகர் பி.என். ராவும் மறுப்புத் தெரிவித்தனர். குற்றப் புலனாய்வு முடங்கும், குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் வேண்டிய விதிகள் ஏற்கெனவே உள்ளன என்ற தரப்பு வென்றது.

1948 டிசம்பர் 3 அன்று காஜி சையத் கரீமுதீன் அதே பாதுகாப்பைத் திருத்தமாக அவையில் முன்மொழிந்தார். அம்பேத்கர் அதை ஏற்கத் தயாராக இருந்தார். இந்த விதிகள் நடைமுறைச் சட்டத்தில் இருந்தாலும், நாளைய சட்டமன்றம் கைவைக்க முடியாதபடி அரசமைப்பில் இருப்பது நல்லது என்பது அவர் சொன்ன காரணம். ஆனாலும் வாக்கெடுப்பில் திருத்தம் தோற்றது. நாளைய சட்டமன்றத்தைப் பற்றிய அவரது எச்சரிக்கை எவ்வளவு சரியானது என்பதைப் பின்னால் வந்த வரிச் சட்டங்களும் நிலச் சட்டங்களும் காட்டுகின்றன.

1954 முதல் 2017 வரை

விடுபட்ட அந்தப் பிரிவின் விளைவு முதலில் தெரிந்தது எம்.பி. சர்மா வழக்கில். டால்மியா ஜெயின் ஏர்வேஸ் தொடர்பான சோதனைகளை எதிர்த்த அந்த வழக்கில், 1954 மார்ச் 15 அன்று எட்டு நீதிபதிகள் கொண்ட உச்சநீதிமன்ற அமர்வு தீர்ப்பளித்தது. சோதனையிடும் அதிகாரம் சமூகப் பாதுகாப்புக்காக அரசிடம் இருக்கும் மேலான அதிகாரம். அதற்கு அந்தரங்க உரிமையை வரம்பாக வைக்க வேண்டாம் என்று அரசமைப்பை ஆக்கியவர்களே முடிவெடுத்திருக்கும்போது, அமெரிக்கத் திருத்தத்தை வலிந்து உள்ளே கொண்டுவர நீதிமன்றத்துக்கு நியாயமில்லை. இதுவே தீர்ப்பின் சாரம்.

ஐந்து ஆண்டுகளுக்குப் பின் வந்த இன்னொரு தீர்ப்பு இதைவிடக் குறைவாகப் பேசப்படுகிறது. ஆனால் விவசாயிக்கு அது கூடுதல் பயனுள்ளது. புகையிலை பயிரிட்ட ரகுமான் என்பவரின் வீட்டைச் சோதனையிடக் கலால் அதிகாரிகள் சென்றார்கள், அவர் தடுத்தார், வழக்குப் பதிவானது. ராஜஸ்தான் அரசு எதிர் ரகுமான் (1959) என்ற அந்த வழக்கில், சோதனைக்கு முன் காரணங்களை எழுத்தில் பதிவது கட்டாயம் என்றும், பதியாமல் நடந்த சோதனையைத் தடுத்தது குற்றமாகாது என்றும் உச்சநீதிமன்றம் கூறியது. அடிப்படை உரிமையின் துணையில்லாமலேயே, நடைமுறை விதியைக் கறாராகப் பிடித்துக்கொண்டதால் மட்டும் ஒரு குடிமகன் காப்பாற்றப்பட்டார்.

1962 டிசம்பரில் கரக் சிங் வழக்கில், உத்தரப் பிரதேசக் காவல் விதிகளின் கீழ் இரவில் வீட்டுக் கதவைத் தட்டிக் கண்காணிப்பது செல்லாது என்று அறிவிக்கப்பட்டது. ஆனால் அந்தரங்கம் அடிப்படை உரிமையல்ல என்றும் பெரும்பான்மை நீதிபதிகள் சேர்த்துச் சொன்னார்கள். கோவிந்த் வழக்கு (1975) அந்தரங்க உரிமைக்குக் கதவைச் சற்றே திறந்தது.

திருப்பம் தந்தது கனரா வங்கி வழக்கு. ஆந்திரப் பிரதேசம் முத்திரைத்தாள் சட்டத்தின் 73ஆம் பிரிவைத் திருத்தி, மாவட்ட ஆட்சியர் அதிகாரமளிக்கும் எவரும் ஆவணங்கள் இருக்கும் இடத்தில் நுழைந்து அவற்றைப் பார்த்துக் கைப்பற்றலாம் என்று ஆக்கியிருந்தது. காரணம் பதிய வேண்டியதில்லை; யாருக்கு அதிகாரம் தரலாம் என்ற வரம்பும் இல்லை. 2004 நவம்பரில் உச்சநீதிமன்றம் அந்தப் பிரிவைச் செல்லாது என்றது. அந்தரங்கம் மனிதர்களுக்கு உரியது, இடங்களுக்கு உரியதல்ல என்ற அமெரிக்கக் கருத்தை அந்தத் தீர்ப்பு இந்தியச் சட்டத்துக்குள் கொண்டுவந்தது.

2017 ஆகஸ்ட் 24 அன்று கே.எஸ். புட்டசாமி வழக்கில் ஒன்பது நீதிபதிகள் ஒருமனதாக அந்தரங்கத்தை அடிப்படை உரிமையாக அறிவித்தனர். எம்.பி. சர்மா, கரக் சிங் தீர்ப்புகளில் அதற்கு மாறாக இருந்த பகுதிகள் அன்றோடு ஒழிந்தன. அரசு ஒருவரது அந்தரங்கத்துக்குள் நுழைய வேண்டுமானால் அதற்கு ஒரு சட்டம் இருக்க வேண்டும். நோக்கம் முறையானதாக இருக்க வேண்டும். நுழைவின் அளவு அந்த நோக்கத்துக்குத் தேவையானதை மிஞ்சக் கூடாது. அந்த அளவுகோல் வந்த பிறகும், அதற்கு முந்தைய நுழைவுச் சட்டங்கள் பெரும்பாலும் பழைய வடிவிலேயே நடைமுறையில் இருக்கின்றன.

கம்பெனி வாசலில்

பனியன் கம்பெனிக்கு அதிகம் தெரிந்தவை வரித்துறையின் வருகைகள். ஜிஎஸ்டி சட்டத்தின் 67ஆம் பிரிவு, இணை ஆணையர் நிலைக்குக் குறையாத அதிகாரி ‘நம்புவதற்குக் காரணம்’ இருந்தால் எழுத்தில் அதிகாரமளித்து ஆய்வையும் சோதனையையும் நடத்தச் செய்ய வழிவகுக்கிறது. குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் சோதனை விதிகள் இதற்கும் பொருந்தும். ஆனால் ஒரு மாற்றம் உண்டு: சோதனைப் பதிவுகளின் நகல் மாஜிஸ்திரேட்டுக்குப் போகாது, துறையின் ஆணையருக்கே போகும். வருமான வரிச் சோதனையிலும் வாரண்டில் கையெழுத்திடுவது துறையின் உயரதிகாரிதான். அந்தச் சோதனைக்கான காரணங்களை வரி செலுத்துபவருக்கு மட்டுமல்ல, மேல்முறையீட்டுத் தீர்ப்பாயத்துக்கும் காட்ட வேண்டியதில்லை என்று 2017ஆம் ஆண்டின் நிதிச் சட்டம் சேர்த்தது. அதிகாரத்தைக் கேட்பவரும் கொடுப்பவரும் ஒரே துறையில் இருக்கையில், உயர்நீதிமன்றத்தில் ரிட் மனு போடுமளவு வசதியுள்ளவருக்கே வெளியாள் ஒருவரின் கண்காணிப்பு கிடைக்கிறது. பத்துப் பதினைந்து தையல் மெஷின் வைத்து ஜாப் ஒர்க் செய்பவருக்கு அது கைக்கெட்டாதது.

இதன் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டியது தொழிலாளர் நலச் சோதனை. 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம் 9ஆம் பிரிவில் ஆய்வாளருக்கு நுழையும் உரிமையைத் தந்திருந்தது. சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 81ஆவது உடன்படிக்கை, முன்னறிவிப்பின்றி இரவு பகல் எந்நேரமும் ஆய்வாளர் நுழையலாம் என்கிறது. இந்தியா அதை 1949இல் ஏற்றது. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த தொழிலாளர் சட்டத் தொகுப்புகளில் ஆய்வாளர் ‘ஆய்வாளர் மற்றும் வழிகாட்டுநர்’ ஆகியிருக்கிறார். எங்கே ஆய்வு என்பதைக் கணினி தேர்வு செய்யும் முறை முன்வைக்கப்பட்டுள்ளது. தொழிற்சாலை என்ற வரையறைக்குள் வர மின்சக்தியோடு 10 பேர் போதும் என்றிருந்தது 20 பேர் ஆகிவிட்டது.

முதலாளியின் அந்தரங்கம் என்ற பெயரில் இந்த மாற்றத்தை வரவேற்பவர்கள் உண்டு. அந்த வாதம் நிற்காது. பவர் டேபிளில் உட்கார்ந்திருக்கும் பெண்ணின் உடல்நலமும், மாடியில் துணிக்குவியலுக்கு நடுவே தீ பிடித்தால் வெளியேறும் வழியும் அந்தச் சோதனையை நம்பியிருக்கின்றன. அமெரிக்க உச்சநீதிமன்றம் மார்ஷல் எதிர் பார்லோஸ் வழக்கில் (1978) ஒரு நடுவழியைக் கண்டது. பணியிடப் பாதுகாப்பு ஆய்வாளரை உரிமையாளர் மறித்தால், அவர் நிர்வாக வாரண்டு பெற்று வர வேண்டும். ஆனால் குற்றம் நடந்ததற்கான ஆதாரத்தைக் காட்டத் தேவையில்லை. பொதுவான, பாரபட்சமற்ற ஆய்வுத் திட்டத்தின்படி அந்த இடத்தின் முறை வந்திருக்கிறது என்று காட்டினால் போதும். இந்தியச் சட்டத்தில் இப்படி ஓர் ஏற்பாடு இல்லை.

சாயப்பட்டறையும் நொய்யலும்

சோதனை அதிகாரம் யாருக்காக இருக்கிறது என்பதைத் திருப்பூரின் சாயக்கழிவு வரலாற்றைப்போல் தெளிவாகச் சொல்லும் வேறொன்று தமிழ்நாட்டில் இல்லை. வெள்ளியங்கிரி மலையில் பிறந்து கரூர் மாவட்டத்தில் காவிரியில் சேரும் நொய்யல், பாசன ஆறு. 1992இல் கட்டி முடிக்கப்பட்ட ஒரத்துப்பாளையம் அணை, சாயக்கழிவு தேங்கும் குட்டையானது. அணை நீரைத் திறக்க வேண்டாம் என்று பாசன விவசாயிகளே கேட்கும் நிலை வந்தது. நொய்யல் ஆற்று ஆயக்கட்டுதாரர் பாதுகாப்புச் சங்கம் தொடர்ந்த வழக்கில் சென்னை உயர்நீதிமன்றம் 2006 டிசம்பரில் ஆணையிட்டது. 2009 அக்டோபர் 6 அன்று உச்சநீதிமன்றம், சாயத் தொழில் உரிமையாளர்களே தூய்மைப்படுத்தும் செலவை ஏற்க வேண்டும் என்று உறுதி செய்தது. கழிவுநீரை ஒரு சொட்டும் வெளியேற்றக் கூடாது என்ற நிபந்தனை நிறைவேறாததால், 2011 ஜனவரி 28 அன்று உயர்நீதிமன்றம் சாயப்பட்டறைகளையும் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களையும் மூடச் சொன்னது.

மூடிய பிறகுதான் நுழைவுக் கேள்வி கூர்மையானது. அனுமதி இல்லாத சிறு பட்டறைகள் வாடகைக் கொட்டகைகளுக்கும் தோட்டத்துக் கட்டடங்களுக்கும் வீட்டுப் பின்கட்டுகளுக்கும் இடம் மாறின. அவற்றைத் தேடி மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் பறக்கும் படை போக வேண்டியதாயிற்று. 1974ஆம் ஆண்டின் நீர் மாசுத் தடுப்புச் சட்டம் 23ஆம் பிரிவின்படி, வாரியம் அதிகாரமளித்தவர் எந்த நேரத்திலும் எந்த இடத்திலும் நுழையலாம். மழை பெய்து ஆற்றில் வெள்ளம் போகும் இரவுகளில்தான் கழிவைத் திறந்துவிடுவார்கள் என்பது ஆற்றங்கரையில் இருப்பவர்களுக்குத் தெரியும். அப்படியானால் குழாய் திறந்திருக்கும் நேரமே ஆய்வுக்கு உரிய நேரம். அதை இரவு என்று சொல்லித் தள்ளிவைத்தால் சட்டத்துக்குப் பொருளில்லை.

அதே சட்டம் பட்டறைக்காரருக்கும் ஒரு திடமான காப்பைத் தருகிறது. 21ஆம் பிரிவின்படி, கழிவுநீர் மாதிரி எடுக்கும்போது ஆய்வுக்கு அனுப்பப் போவதை அந்த இடத்திலேயே அறிவிக்க வேண்டும். மாதிரியை அவர் முன்னிலையில் இரண்டாகப் பிரித்து, இருவரும் கையெழுத்திட்டு முத்திரை வைக்க வேண்டும். இந்த முறை தவறினால் ஆய்வக அறிக்கை வழக்கில் சான்றாகாது. நுழைவுக்குத் தாராளம், ஆதாரத்துக்குக் கறார் என்ற இந்த அமைப்பு, இந்தியச் சட்டங்களில் உள்ள நல்ல மாதிரிகளில் ஒன்று. வரிச் சட்டங்களில் இதற்கு நிகரான ஒன்று இல்லாதது பெரிய குறை.

இப்போது நுழையாமலே பார்க்கும் வழிகள் பெருகிவிட்டன. 2014 முதல் மத்திய வாரியம் அதிகம் மாசுபடுத்தும் தொழில்களில் தொடர் இணையவழிக் கண்காணிப்புக் கருவிகளைப் பொருத்தச் சொல்லி வருகிறது. அளவுமானியின் அளவீடு நேரடியாக வாரியத்தின் கணினிக்குப் போகிறது. வானிலிருந்து பார்ப்பதைப் பொறுத்தவரை, 1986இல் டவ் கெமிக்கல் வழக்கில் அமெரிக்க உச்சநீதிமன்றம், தொழிற்சாலை வளாகத்தை விமானத்திலிருந்து படமெடுப்பது சோதனையே அல்ல என்றது. ட்ரோன் பற்றி இந்தியாவில் 2021இல் வந்த விதிகள் பெரும்பாலும் பறத்தலின் பாதுகாப்பைப் பற்றியவை. அதிகாரி ஒருவர் வேலிக்கு மேலே கேமராவை நிறுத்தினால் என்ன நிபந்தனை என்பதற்கு அவற்றில் விடையில்லை.

குடியிருப்பவரின் உரிமை

அந்தரங்கம் இடத்துக்கு உரியதல்ல, மனிதருக்கு உரியது என்ற கோட்பாட்டுக்கு உண்மையான சோதனை, திருப்பூரின் காம்பவுண்டு வீடுகளிலும் மில் விடுதிகளிலும்தான். ஒடிசா, பீகார், ஜார்க்கண்ட் மாநிலங்களிலிருந்து வந்த தொழிலாளர்கள் வரிசையாகக் கட்டிய ஓர் அறையில் நாலைந்து பேராகத் தங்குகிறார்கள். காவலர்கள் வந்தால் வீட்டு உரிமையாளரோ கம்பெனி மேற்பார்வையாளரோ கதவைத் திறந்துவிடுவது வழக்கமாகிவிட்டது. வாடகைக்குக் கொடுத்த அறைக்குள் நுழைய இசைவு தரும் உரிமை குடியிருப்பவருடையது, கட்டடச் சொந்தக்காரருடையதல்ல. 21ஆம் பிரிவு ‘எந்த மனிதரையும்’ என்று பேசுகிறது; குடிமகன் என்று சொல்லவில்லை. 2025 ஜனவரியில் பல்லடம் பகுதியில் ஆவணமின்றித் தங்கியிருந்த வங்கதேசத்தவர் கைதான பிறகு, வெளிமாநிலத்தவர் குடியிருப்புகள் பற்றிய சந்தேகம் கூடியிருக்கும் வேளையில் இதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. சட்டப்படி தேடப்படுபவரைக் கைது செய்யத் தடையில்லை. வரிசையில் உள்ள எல்லா அறைகளையும் புரட்டிப் பார்க்க அது அனுமதியாகாது.

வீடும் தொழிலும் ஒரே கூரையின் கீழ் இருக்கையில் சிக்கல் வேறு மாதிரி. முன்னறையில் ஓவர்லாக் மெஷின், பின்னறையில் குடும்பம் என்ற அமைப்பு இங்கே சாதாரணம். வருமான வரி ‘சர்வே’ தொழில் நடக்கும் இடத்துக்கு மட்டுமே உரியது. கணக்குப் புத்தகங்கள் வீட்டில் இருப்பதாக வரி செலுத்துபவர் சொன்னால்தான் வீட்டுக்குள் வரலாம். மின்சாரச் சட்டம் (2003) 135ஆம் பிரிவு, குடியிருப்புகளில் சூரியன் மறைந்தபின் விடியும்வரை சோதனை கூடாது என்கிறது. ஆனால் அங்கே குடியிருக்கும் வயதுவந்த ஆண் ஒருவர் உடனிருந்தால் நடத்தலாமாம். தறியையும் வீட்டையும் தனியே நடத்தும் பெண்கள் நிறைந்த வட்டாரத்தில், வீட்டின் கண்ணியத்தைக் காக்க ஆண் ஒருவர் வேண்டும் என்று 21ஆம் நூற்றாண்டுச் சட்டம் எழுதியிருப்பது திருத்தப்பட வேண்டியது.

காவல்துறைச் சோதனையில் 2024 ஜூலை 1 முதல் ஒரு முன்னேற்றம் உண்டு. குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 105ஆம் பிரிவு, சோதனையையும் கைப்பற்றலையும் ஒலி ஒளிப் பதிவு செய்து மாஜிஸ்திரேட்டுக்கு அனுப்பச் சொல்கிறது. அக்கம்பக்கத்துச் சாட்சிகள் முன்னிலையில் பட்டியல் எழுதி நகல் தரும் பழைய விதியும் தொடர்கிறது.

முறை தவறிய சோதனையில் கிடைத்தது என்னாகும்? அமெரிக்காவில் பொதுவாக அதைச் சான்றாக ஏற்பதில்லை. இந்தியாவில் 1973 டிசம்பரில் பூரண்மல் வழக்கின் தீர்ப்பு, சோதனை சட்டவிரோதமாக இருந்தாலும் கிடைத்த ஆவணம் வழக்குக்குத் தொடர்புடையதானால் பயன்படுத்தலாம் என்றது. அந்தத் தீர்ப்பு சாய்ந்து நின்றது எம்.பி. சர்மா வழக்கின் மேல். அடித்தளம் 2017இல் போய்விட்டது. மேலே கட்டியது மட்டும் இன்னும் நிற்கிறது. விதியை மீறினாலும் இழப்பில்லை என்று தெரிந்த அதிகாரி விதியை மதிக்கக் காரணம் குறைவு.

திறந்த வயல்

வீட்டுக்கும் தொழிற்கூடத்துக்கும் இவ்வளவாவது இருக்கிறது. வயலுக்கும் தோப்புக்கும் மிகக் குறைவு. உலகச் சட்டங்களிலும் வயல்தான் பலவீனமான கண்ணி. 1924இல் ஹெஸ்டர் வழக்கில், வீட்டுக்கு அருகே வயலில் மறைந்திருந்து கள்ளச்சாராயத்தைப் பிடித்த அதிகாரிகளின் செயல் சரி என்றது அமெரிக்க உச்சநீதிமன்றம். நான்காவது திருத்தம் வீட்டைக் காக்கிறது, திறந்த வயலைக் காப்பதில்லை என்பது நீதிபதி ஹோம்ஸின் முடிவு. 1984இல் ஆலிவர் வழக்கில், பூட்டிய கேட்டும் ‘நுழையாதே’ பலகையும் இருந்தாலும் வயல் வயல்தான் என்று அந்த நீதிமன்றம் உறுதிப்படுத்தியது. வீட்டை ஒட்டிய முற்றம், தோட்டம் மட்டும் வீட்டோடு சேரும். தூரம், வேலி, பயன்பாடு, பிறர் கண்ணிலிருந்து மறைக்க எடுத்த முயற்சி ஆகியவற்றை வைத்து அந்த எல்லையை முடிவு செய்யலாம் என்று 1987இல் டன் வழக்கு சொன்னது. வெர்மாண்ட் 1991இலும் நியூயார்க் 1992இலும் தத்தம் மாநில அரசமைப்பின் கீழ் இந்தக் கோட்பாட்டை மறுத்து, வேலியிட்டு அறிவிப்பு வைத்த நிலத்துக்கும் காப்பு உண்டு என்றன.

கொங்கு நாட்டு நிலத்துக்கு ஆலிவர் தீர்ப்பு சற்றும் பொருந்தாது. கொறங்காடு திறந்த வெளியல்ல. கொழுக்கட்டைப்புல்லும் வேலமரமும் உள்ள அந்த மேய்ச்சல் நிலத்தைச் சுற்றிக் கிளுவை வேலி தலைமுறையாக வளர்க்கப்படுகிறது. படலைத் திறந்துதான் யாரும் உள்ளே போக முடியும். தோட்டத்து வீட்டில் களமும் கட்டுத்தறையும் கிணற்றடியும் வாழ்க்கை நடக்கும் இடங்கள். கிணற்றடியில் குளிப்பதும் களத்தில் படுத்துறங்குவதும் வீட்டுக்குள் நடப்பவற்றைப்போலவே அந்தரங்கமானவை.

இந்தியச் சட்டம் வயலை வெளிப்படையாக ஒதுக்கவில்லை. குற்றவியல் நடைமுறை ‘இடம்’ என்று பொதுவாகப் பேசுவதால், தென்னந்தோப்பில் கள் தேடி வரும் காவலருக்கும் காரணம் பதியும் கடமை உண்டு என்று ரகுமான் வழக்கின் தர்க்கத்தை நீட்டலாம். தமிழ்நாட்டில் 1987 முதல் கள் இறக்கத் தடை உள்ளது. அந்தத் தடையை எதிர்த்துக் கொங்கு விவசாயிகள் நீண்டகாலமாகப் போராடி வருகிறார்கள். தோப்புக்குள் வரும் சோதனைகள் இங்கே அரசியல் மனக்கசப்பாகவே மாறியிருக்கின்றன.

வயலுக்குள் வரும் பெரும்படை மதுவிலக்குப் போலீஸ் அல்ல, அளவீட்டுக்காரர்கள். 2013ஆம் ஆண்டின் நிலம் கையகப்படுத்தல் சட்டம் 12ஆம் பிரிவு, அளக்க, தோண்ட, குறிகல் நட, பயிரை வெட்டவும்கூட அதிகாரம் தருகிறது. ஆனால் உரிமையாளர் இல்லாதபோது செய்யக் கூடாது. அவர் இல்லாமலே செய்ய வேண்டுமானால் 60 நாள் முன்னறிவிப்புத் தந்திருக்க வேண்டும். வீட்டிலும் வீட்டை ஒட்டிய அடைப்பு முற்றத்திலும் தோட்டத்திலும் குடியிருப்பவரின் இசைவின்றி நுழைய 7 நாள் அறிவிப்பு வேண்டும். இது நல்ல விதி. துயரம் என்னவென்றால், கொங்கு வயல்களை அதிகம் கிழித்த திட்டங்களுக்கு இது பொருந்தாது. அதே சட்டத்தின் 105ஆம் பிரிவும் நான்காவது அட்டவணையும், தேசிய நெடுஞ்சாலைச் சட்டம் (1956), பெட்ரோலியக் குழாய்ச் சட்டம் (1962), மின்சாரச் சட்டம் உள்ளிட்ட 13 சட்டங்களை விலக்கிவைத்தன. இழப்பீட்டு விதிகள் பின்னர் அவற்றுக்கும் நீட்டிக்கப்பட்டன. நுழைவு விதிகள் நீட்டிக்கப்படவில்லை.

கெயில் எரிவாயுக் குழாய் கோவை, திருப்பூர், ஈரோடு உட்பட ஏழு மாவட்டங்களின் வயல்கள் வழியே திட்டமிடப்பட்டது. 20 மீட்டர் அகலத்துக்குப் பயன்பாட்டு உரிமை எடுக்கப்படும். நிலம் விவசாயியின் பெயரிலேயே இருக்கும். அந்தப் பட்டையில் மரம் வைக்கவோ கிணறு வெட்டவோ முடியாது. 2013இல் காவல் பாதுகாப்போடு தோண்டியபோது எழுந்த எதிர்ப்பால், நெடுஞ்சாலை ஓரமாகக் கொண்டுபோகும்படி மாநில அரசு ஆணையிட்டது. 2013 நவம்பர் 25 அன்று உயர்நீதிமன்றம் அந்த ஆணையை ரத்து செய்தது. 2016 பிப்ரவரி 2 அன்று உச்சநீதிமன்றம் மேல்முறையீட்டைத் தள்ளியது. இருந்தும் 1962ஆம் ஆண்டுச் சட்டத்தின் 7ஆம் பிரிவில் ஓர் ஒப்புதல் ஒளிந்திருக்கிறது: குடியிருப்பை ஒட்டிய நிலத்தின் கீழ் குழாய் பதிக்கக் கூடாது. களமும் கட்டுத்தறையும் வீட்டின் பகுதி என்று வாதிட விவசாயிக்குச் சட்டத்தில் இருக்கும் சில பிடிகளில் இது ஒன்று.

உயர்மின் கோபுரங்களுக்கு அந்தப் பிடியும் இல்லை. 1885ஆம் ஆண்டின் தந்திச் சட்ட அதிகாரங்களை மின்சாரச் சட்டத்தின் 164ஆம் பிரிவு மின்தொடர் நிறுவனங்களுக்கு வழங்குகிறது. உரிமையாளர் மறுத்தால் மாவட்ட ஆட்சியரின் ஆணை போதும். பவர்கிரிட் எதிர் செஞ்சுரி டெக்ஸ்டைல்ஸ் வழக்கில் 2016 டிசம்பரில் உச்சநீதிமன்றம், நில உரிமையாளரின் இசைவு தேவையில்லை என்று கூறிவிட்டது. 2018 டிசம்பரில் கொங்கு மாவட்ட விவசாயிகள் நடத்திய தொடர் போராட்டங்களின் பின்னணி இதுதான்.

2024 மே மாதம் கொல்கத்தா மாநகராட்சி எதிர் பிமல் குமார் ஷா வழக்கில், 300ஏ பிரிவுக்குள் அறிவிப்பு பெறுதல், ஆட்சேபம் கேட்கப்படுதல், காரணத்தோடு முடிவு பெறுதல் முதலான ஏழு உட்கூறுகள் உண்டு என்று உச்சநீதிமன்றம் விளக்கியது. நிலத்தை எடுப்பதற்குச் சொன்ன இதே நியாயம், எடுப்பதற்கு முன் நிலத்துக்குள் கால்வைப்பதற்கும் பொருந்த வேண்டும். அதற்குப் புதிய அடிப்படை உரிமையோ அரசமைப்புத் திருத்தமோ தேவையில்லை. 2013ஆம் ஆண்டுச் சட்டத்தின் 12ஆம் பிரிவில் உள்ள நுழைவு நிபந்தனைகளை, விலக்கு பெற்ற 13 சட்டங்களுக்கும் மத்திய அரசு நீட்டிக்க வேண்டும். பனியன் கம்பெனியின் கணக்கறைக்குள் போக எழுத்தில் அதிகாரம் வேண்டும் என்று சொல்லும் நாட்டில், கிளுவை வேலியைத் தாண்ட ஒரு நோட்டீஸாவது வேண்டும் என்று கேட்பது விவசாயிக்கு உரிய குறைந்தபட்ச நீதி.